மாதச் சம்பள வேலையை விட்டு எழுத்தையே முழுநேரத் தொழிலாகக் கொள்ளலாமா?

செந்தூல் வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கோலாலம்பூரில் ஒரு தனியார் நிறுவனத்தின் பதிப்புப் பிரிவில் பதினோராம் ஆண்டாக வேலை செய்து வருகிறேன். அடிப்படைச் சம்பளம் 4,800 வெள்ளி (ரிங்கிட்). சேமநிதி, சொக்சோ என்னும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சந்தா, மாதாந்திர வரிப்பிடித்தம் எல்லாம் போக ஏறக்குறைய 4,140 வெள்ளி கைக்கு வருகிறது. அலுவலக வேலை முழுவதும் மலாய், ஆங்கில வெளியீடுகளைச் சார்ந்தது. தமிழ் எழுத்து எனக்கு இரவு ஒன்பது மணிக்கு மேல் தொடங்கும் இரண்டாவது வேலை. மொழிபெயர்ப்பு, வானொலி விளம்பர வாசகம், தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்கான வசனவரி, கோயில் குடமுழுக்கு மலர்களுக்கான கட்டுரை என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஆறு ஆண்டுகளாக எழுதிக் கொடுத்து வருகிறேன்.

கடந்த பன்னிரண்டு மாதங்களில் இந்த இரவு வேலை 21,600 வெள்ளி ஈட்டித் தந்திருக்கிறது. சராசரியாக மாதம் 1,800 வெள்ளி என்று சொன்னால் அழகாகத்தான் இருக்கிறது. உண்மையில் தீபாவளிக்கு முந்தைய மாதத்தில் 4,300 வெள்ளியும், சீனப் புத்தாண்டு வந்த மாதத்தில் 250 வெள்ளியும் கிடைத்தன. முழு நாளும் என் கையில் இருந்தால் இதை மூன்று மடங்காக்கிவிடலாம் என்று மனக்கணக்கு சொல்கிறது. சேமிப்பு 28,000 வெள்ளி இருக்கிறது. செந்தூலில் வாடகை வீடு, கார்த் தவணை, என்னுடன் இருக்கும் அம்மாவின் செலவு எல்லாம் சேர்ந்து மாதம் 3,200 வெள்ளி ஆகிறது. அதாவது, ஒரு காசு வராவிட்டாலும் எட்டு மாதம் தாக்குப்பிடிக்க முடியும்.

அம்மாவுக்கு இதில் சம்மதமில்லை. எட்டாத பலாக்காயைவிடக் கையில் கிடைத்த களாக்காயே மேல் என்பதோடு பேச்சை முடித்துக்கொள்கிறார். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி எங்களை வளர்த்தவர் அவர். மாதம் தவறாமல் வரும் சம்பளம் அவருக்கு என்னவாகத் தெரியும் என்பது எனக்குப் புரியாமல் இல்லை.

என் ஒப்பந்தப்படி இரண்டு மாத முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். விலகல் கடிதத்தை இந்த மாத இறுதியில் கொடுத்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். இந்த வழியில் ஏற்கெனவே போனவர்கள், எதைக் கணக்கில் சேர்க்க மறந்தீர்கள் என்பதைச் சொன்னால் பேருதவியாக இருக்கும். துணிந்தவருக்குத் துக்கமில்லை என்னும் வகையிலான வாழ்த்துகள் வேண்டாம். அவற்றை நானே எனக்குப் போதுமான அளவு சொல்லிக்கொண்டுவிட்டேன்.

பினாங்குப் பேனா எழுதியது:

வணக்கம், தங்கை. பினாங்கில் ஆயர் ஈத்தாமில் இருந்துகொண்டு பதின்மூன்று ஆண்டுகளாக எழுத்துக் கூலியில் குடும்பம் நடத்தி வருகிறேன். எழுத்துக் கூலி என்ற சொல்லைச் சிலர் விரும்புவதில்லை. எனக்கு அது நேர்மையான சொல்லாகவே படுகிறது.

எட்டு மாதம் என்ற உங்கள் கணக்கு, வேலையே வராத ஒரு நிலையை எண்ணிப் போட்டது. நடப்பது வேறு. வேலை வந்துகொண்டே இருக்கும், நீங்களும் இரவு பகலாக எழுதிக்கொண்டே இருப்பீர்கள், பணம் மட்டும் வழியில் எங்கோ நின்றுகொண்டிருக்கும். ஒரு கையேட்டை மார்ச் மாதத்தில் தமிழாக்கித் தரச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஏப்ரலில் கொடுத்துவிடுவீர்கள். பொறுப்பதிகாரி விடுப்பில் இருப்பார். மே மாதத்தில் திருத்தம் கேட்டு வரும். திருத்திய படியை ஏற்றுக்கொண்ட பிறகுதான் இன்வாய்ஸ் அனுப்ப வேண்டும் என்பார்கள். அனுப்பிய மாதத்தின் கடைசி நாளிலிருந்து அறுபது நாள் என்று அவர்களுடைய கணக்குப் பிரிவு சொல்லும். மார்ச் மாத உழைப்புக்கான கூலி ஆகஸ்டில் வந்து சேரும். இது உங்களுக்கு இப்போது உறைக்காததற்குக் காரணம், மாதச் சம்பளம் வந்து அந்த இடைவெளியைச் சத்தமில்லாமல் மூடிவிடுவதுதான். ஆகவே முதலில் ஒரு வேலை செய்யுங்கள். அந்த 21,600 வெள்ளியை உதிரித் தொகைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே எழுத்தை ஒப்படைத்த தேதியையும் பணம் வங்கியில் விழுந்த தேதியையும் எழுதிப் பாருங்கள். சராசரி இடைவெளி 90 நாள் என்று வந்தால், எட்டு மாதச் சேமிப்பில் மூன்று மாதம் தொடக்கத்திலேயே போய்விட்டது என்று பொருள்.

அடுத்தது மூன்று மடங்கு. நேரம் மூன்று மடங்காகும் என்பது உண்மை. அதற்காக வாடிக்கையாளர்கள் மூன்று மடங்காகிவிட மாட்டார்கள். சம்பளம் 4,800 வெள்ளி, முதலாளி செலுத்தும் சேமநிதி 624 வெள்ளி, சொக்சோவில் அவருடைய பங்கு எல்லாம் சேர்த்தால் உங்கள் வேலையின் மாத மதிப்பு ஏறக்குறைய 5,500 வெள்ளி, ஆண்டுக்கு 66,000. ஆண்டில் வேலை நாள் சுமார் 260. அதில் 11 பொது விடுமுறைகளையும், ஐந்தாண்டு நிறைந்த ஊழியருக்குச் சட்டம் தரும் 16 நாள் ஆண்டு விடுப்பையும் கழித்தால் 233. மீதமுள்ள நாட்களில் மூன்றில் ஒரு பங்கு வாடிக்கையாளரைத் தேடுவதிலும், விலை பேசுவதிலும், காசுக்காக அலைவதிலும் கழியும். அந்த நாட்களுக்கு எவரும் கூலி தருவதில்லை. காசு விழும் நாள் ஏறக்குறைய 150 என்று வைத்தாலும், இன்றைய நிலையைக் காப்பாற்றிக்கொள்ள நீங்கள் நாளொன்றுக்கு 440 வெள்ளி ஈட்ட வேண்டும். சொல்லுக்கு 15 சென் வாங்கி நாளொன்றுக்கு 1,800 சொல் எழுதினால் 270 வெள்ளிதான் வரும். உங்கள் விலை எனக்குத் தெரியாது. ஆனால் இந்தக் கணக்கை உங்கள் எண்களைக் கொண்டு போடாமல் கடிதம் கொடுக்காதீர்கள்.

விலை என்றதும் நினைவுக்கு வருகிறது. சொல்லுக்கு இத்தனை சென் என்று ஒப்புக்கொள்ளும்போது, எந்த மொழியின் சொல் என்று கேட்டுக்கொள்ளுங்கள். 'சாயா ஆகான் பெர்கி கெ செகோலா' என்பது மலாயில் ஐந்து சொல். 'நான் பள்ளிக்குச் செல்வேன்' என்பது தமிழில் மூன்று. 'நான்' என்பதை விட்டாலும் குறைவில்லை, அப்போது இரண்டு. நம் மொழியில் வேற்றுமையும் காலமும் இடமும் சொல்லுக்குள்ளேயே ஒட்டிக்கொள்வதால், தமிழாக்கத்தின் சொல்லை எண்ணிக் கூலி வாங்குபவர், நன்றாகச் சுருக்கி எழுதும் அளவுக்குத் தன் கூலியைத் தானே குறைத்துக்கொள்கிறார். மூலத்தின் சொல்லை எண்ணியே விலை பேச வேண்டும். இதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு ஆண்டுகள் பிடித்தன. அந்த இரண்டு ஆண்டுகளின் நட்டத்தை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

ஒரே வகை வேலையையும் நம்பாதீர்கள். நான் தொடக்கத்தில் யு.பி.எஸ்.ஆர். என்னும் ஆறாம் ஆண்டு அரசுத் தேர்வுக்கான பயிற்சி நூல்கள் எழுதிப் பிழைத்தவன். நாட்டில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்க, ஆண்டுதோறும் ஆறாம் ஆண்டு மாணவர்கள் வந்துகொண்டிருக்க, இதற்கு முடிவே இல்லை என்று நினைத்தேன். 2020-இல் பெருந்தொற்றால் தேர்வு நடக்கவில்லை. 2021-இல் தேர்வையே அரசு நீக்கிவிட்டது. என் வருமானத்தில் பாதி ஒரே அறிவிப்போடு போயிற்று.

பணம் தராமல் இழுத்தடிப்பவர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒரு விளம்பர முகவர் என் 3,400 வெள்ளியை ஓராண்டுக்கு மேல் நிறுத்தி வைத்தார். மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் 5,000 வெள்ளி வரையிலான சிறு கோரிக்கைகளுக்கு வழக்கறிஞர் இல்லாமல் நாமே படிவம் 198-ஐ நிரப்பி வழக்குத் தொடுக்கலாம். அந்தப் படிவம் அவர் கைக்குப் போன இரண்டாவது வாரத்தில் பணம் வந்தது. எழுத்துப்பூர்வமான ஒப்புதலாக ஒரு மின்னஞ்சல் இருந்ததால்தான் அதையும் செய்ய முடிந்தது. வாட்ஸ்அப்பில் 'ஓகே அண்ணே' என்று வந்த பதிலை மட்டும் வைத்துக்கொண்டு போயிருந்தால் எவ்வளவு பேச வேண்டியிருந்திருக்குமோ!

அரைப்பக்கம் எழுதியது:

அண்ணன் சொன்ன எல்லாவற்றையும் ஏற்கிறேன். ஆனாலும் அவர் பதின்மூன்று ஆண்டுகளாக அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை என்பதையும் கவனியுங்கள், அக்கா. நிரந்தரம் என்று நாம் நினைக்கும் வேலை எவ்வளவு நிரந்தரம்? 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் நாளிதழே 2019-இல் நின்றுவிட்டது. ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு காலாக ஆறு ஆண்டுகள் இருந்துவிட்டீர்கள். பகலில் தொலைபேசியை எடுக்க முடியாத எழுத்தாளரிடம் பெரிய வேலையை எவரும் ஒப்படைப்பதில்லை. அந்த வேலைகள் வராததால் வருமானம் உயர்வதில்லை. வருமானம் உயராததால் வேலையை விட முடிவதில்லை. நான் 29 வயதில், 9,000 வெள்ளி கையிருப்போடு விட்டேன். முதலாண்டு கடினமாக இருந்தது. ஆனால் எனக்குப் பார்த்துக்கொள்ள வேண்டியவர் எவரும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கணக்கப்பிள்ளை எழுதியது:

நான் கோலாலம்பூரில் வரிக்கணக்குப் பார்ப்பவன். எழுத்தைப் பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை, மற்றதைச் சொல்கிறேன்.

சகோதரி, ஆறு ஆண்டுகளாக இரவு வேலையில் வருமானம் வருகிறது என்கிறீர்கள். அதை வருமான வரி வாரியத்துக்கு எந்தப் படிவத்தில் காட்டினீர்கள்? சம்பளம் போன்ற வருமானம் இருந்து, தொழில் வருமானம் இல்லாதவர்களுக்குப் படிவம் பிஇ, அதன் கெடு ஏப்ரல் 30. தொழில் வருமானம் உள்ளவர்களுக்குப் படிவம் பி, அதன் கெடு ஜூன் 30. தொடர்ந்து, பலரிடமிருந்து, கூலிக்காகச் செய்யும் எழுத்து தொழில் வருமானம்தான். வேலையை விட்ட பிறகு அல்ல, இன்றைக்கே நீங்கள் படிவம் பி-க்கு உரியவர். ரசீது, இன்வாய்ஸ், வங்கி அறிக்கை ஆகியவற்றை ஏழு ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்பதும் அதோடு சேர்ந்தது.

தொழில் பதிவும் அப்படித்தான். தொழில் தொடங்கிய 30 நாட்களுக்குள் எஸ்.எஸ்.எம். என்னும் நிறுவன ஆணையத்தில் பதிய வேண்டும் என்பது 1956-ஆம் ஆண்டுச் சட்டம். உங்கள் சொந்தப் பெயரிலேயே பதிந்தால் ஆண்டுக்கு 30 வெள்ளி, தொழிலுக்கென ஒரு பெயர் வைத்தால் 60 வெள்ளி. பெரிய நிறுவனங்கள் பதிவெண் இல்லாதவரின் இன்வாய்ஸை எடுத்துக்கொள்ளத் தயங்குவதால், செலவைவிட வரவு அதிகம்.

வேலையை விட்டவர்கள் அதிகமாகத் தடுமாறும் இடம் சி.பி.500, அதாவது வாரியம் அனுப்பும் வரித் தவணைக் கடிதம். சம்பளக்காரராக இருக்கும்வரை வரி மாதந்தோறும் கண்ணில் படாமல் போய்விடுகிறது. தனித்தொழிலில் முதலாண்டு எவரும் எதையும் பிடிப்பதில்லை. மறு ஆண்டு ஜூன் மாதத்தில் மொத்த வரியும் ஒரே தவணையாக வந்து நிற்கும். அதற்குப் பிறகு வாரியம் உங்கள் முந்தைய வருமானத்தை வைத்து, மார்ச் மாதம் தொடங்கி இரண்டு மாதத்துக்கு ஒன்றாக ஆறு தவணைகளை அனுப்பும். வருமானம் குறைந்துவிட்டால் ஜூன் 30-க்குள் சி.பி.502 படிவத்தின் வழி திருத்தம் கேட்கலாம். கேட்காமலும் கட்டாமலும் விட்டால் 10 விழுக்காடு கூடுதல். என்னிடம் வரும் எழுத்தாளர்கள், ஓவியர்கள், ஒளிப்பதிவாளர்கள் எல்லாரும் இந்தக் கடிதம் வந்த மறுநாள்தான் வருகிறார்கள். வரும் ஒவ்வொரு தொகையிலும் எட்டில் ஒரு பங்கை வேறொரு கணக்கில் போட்டு, அந்தக் கணக்கின் அட்டையை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

சேமநிதிக்கு வருவோம். உங்கள் பங்கு 11 விழுக்காடு, 528 வெள்ளி; 5,000 வெள்ளி வரையிலான சம்பளத்துக்கு முதலாளியின் பங்கு 13 விழுக்காடு, 624 வெள்ளி. ஆக மாதம் 1,152 வெள்ளி நின்றுபோகும். சுயதொழில் செய்பவர்கள் ஐ-சாரான் திட்டத்தில் தாமே கட்டலாம். அரசு 20 விழுக்காடு ஊக்கத்தொகை தருகிறது, ஆனால் ஆண்டுக்கு 500 வெள்ளிக்கு மேல் இல்லை, வாழ்நாளில் 5,000 வெள்ளிக்கு மேல் இல்லை. முழு ஊக்கத்தொகையையும் பெற ஆண்டுக்கு 2,500 வெள்ளி கட்டினால் போதும். இழப்பதோடு ஒப்பிட்டால் இது சிறிய தொகை. அதற்காக விட்டுவிடவும் கூடாது. 2024 மே மாதம் முதல் சேமநிதியில் எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய நெகிழ்வுக் கணக்கு ஒன்று இருக்கிறதல்லவா, நீங்கள் சொன்ன 28,000 வெள்ளியில் அதைச் சேர்த்திருந்தால் தயவுசெய்து கழித்துவிடுங்கள்.

சொக்சோவில் சுயதொழிலாளர்களுக்குத் தனித் திட்டம் உண்டு. ஆண்டுக்கு 157 வெள்ளி 20 சென்னில் தொடங்கி 592 வெள்ளி 80 சென் வரை நான்கு நிலைகள். அது தொழில் சார்ந்த விபத்துக்கான பாதுகாப்பு. காய்ச்சலில் படுத்தால் உதவாது. வேலைக் காப்பீட்டுத் திட்டத்தில் இத்தனை ஆண்டுகள் கட்டியிருக்கிறோமே, அதிலிருந்து சில மாதம் உதவித்தொகை வரும் என்று எண்ணாதீர்கள்: தாமாக விலகுபவர்களுக்கு அது கிடையாது.

வீடு வாங்கும் எண்ணம் இருந்தால் கடனை இப்போதே முடித்துக்கொள்ளுங்கள். சம்பளச் சீட்டோடு போகும்போது வங்கி கேட்கும் கேள்விகள் வேறு. படிவம் பி, வரி கட்டிய ரசீது, ஆறு மாத வங்கி அறிக்கை ஆகியவற்றைத் தூக்கிக்கொண்டு போகும்போது கேட்கும் கேள்விகள் வேறு.

செந்தூல் வாசகி எழுதியது:

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. அண்ணன் சொன்னபடி தேதிகளை எழுதிப் பார்த்தேன். மொத்தம் 23 தொகைகள். சராசரி இடைவெளி 74 நாள். நீண்டது 131 நாள், அதுவும் ஒரு கோயில் மலருக்கு. நாள் கணக்கையும் போட்டேன். என் இப்போதைய விலையில் 440 வெள்ளியின் பக்கத்தில்கூட வரவில்லை. கணக்கப்பிள்ளை ஐயா கேட்ட கேள்விக்கு, இரவு வருமானத்தைப் படிவம் பிஇ-இல் இதர வருமானம் என்று காட்டி வந்தேன். அதைச் சரிசெய்ய உங்களைப் போன்ற ஒருவரை இந்த வாரம் பார்க்கப் போகிறேன்.

தேதிகளை எழுதிக்கொண்டிருந்தபோது இன்னொன்று புலப்பட்டது. அந்த 23 எழுத்துகளில் ஒன்றைக்கூட நான் மீண்டும் படிக்க விரும்பவில்லை. முழுநேரமாக எழுத வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தபோதெல்லாம், அம்மா வேலை செய்த தோட்டம் மூடப்பட்ட ஆண்டைப் பற்றி எழுதத் தொடங்கிய நாவலைத்தான் மனத்தில் வைத்திருந்திருக்கிறேன். ஆறு ஆண்டுகளில் அது நாற்பது பக்கங்களைத் தாண்டவில்லை. என் கேள்வியில் அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை என்பதை இப்போதுதான் பார்க்கிறேன். கேள்வியையே தவறாகக் கேட்டுவிட்டேனோ என்று தோன்றுகிறது.

பிரிக்பீல்ட்ஸ் தோழி எழுதியது:

இதைப் படித்துவிட்டு என்னால் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் 2016-இல் வேலையை விட்டேன், உங்களைப் போலவே, மனத்தில் ஒரு சிறுகதைத் தொகுப்போடு. நான்கு ஆண்டுகள் தனித்தொழிலில் இருந்தேன். பணத்தில் பெரிய குறை இல்லை; வசனவரி வேலை தொடர்ந்து வந்தது. அந்த நான்கு ஆண்டுகளில் என் சொந்தக் கதை ஒன்றுகூட எழுதவில்லை. காரணம் நேரமின்மை அல்ல. காலை முதல் மாலை வரை பிறருடைய வாக்கியங்களை முடித்துக் கொடுத்த பிறகு, என் வாக்கியத்தைத் தொடங்க அந்தக் கையே மறுத்துவிட்டது. ஓய்வாக ஒரு வாரம் கிடைத்தால், அடுத்த மாதம் வேலை வருமா என்ற கவலை அந்த வாரத்தைத் தின்றுவிடும். இப்போது எழுத்துக்குத் தொடர்பே இல்லாத ஓர் அலுவலகத்தில் இருக்கிறேன். காலை ஐந்து மணி முதல் ஆறரை வரை எழுதுகிறேன். ஏழு கதைகள் முடிந்திருக்கின்றன. எல்லாருக்கும் இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். கூலி எழுத்தும் சொந்த எழுத்தும் ஒன்றையொன்று வளர்க்கும் என்று நம்பி விலகியவள் நான், எனக்கு அது பலிக்கவில்லை, அவ்வளவுதான்.

கடிதம் கொடுப்பதற்கு முன்னால் வேறொரு கடிதம் கொடுக்கலாம். 2023 ஜனவரி முதல் நடப்பில் இருக்கும் வேலைச் சட்டத் திருத்தத்தின்படி, வேலை நேரத்தையோ, வேலை நாட்களையோ, வேலை செய்யும் இடத்தையோ மாற்றித் தருமாறு ஊழியர் எழுத்து மூலம் கேட்கலாம். முதலாளி 60 நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். ஒப்புக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனாலும் பதினோரு ஆண்டுகள் இருந்தவரை முழுவதுமாக இழப்பதைவிட, வாரம் மூன்று நாளாவது வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கும் மேலாளர்களும் உண்டு. மூன்று நாள் என்றால் 60 விழுக்காடு, 2,880 வெள்ளி. பகுதிநேர ஊழியருக்கும் சேமநிதியும் சொக்சோவும் உண்டு. இரவு வேலையின் 1,800 வெள்ளியைச் சேர்த்தால் உங்கள் செலவைத் தாண்டியே நிற்கிறது. மிச்சமாகும் இரண்டு நாளில் ஒன்றை நாவலுக்கென்று பூட்டிவிடுங்கள். இரண்டையும் வாடிக்கையாளருக்குக் கொடுத்தால் என் கதைதான் நடக்கும்.

உரிமையைப் பற்றியும் இரண்டு வார்த்தை. 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 26-ஆம் பிரிவைப் பெரும்பாலான எழுத்தாளர்கள் படித்ததே இல்லை. ஒருவர் கேட்டு, அவருக்காக எழுதிக் கொடுத்ததன் பதிப்புரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எழுதச் சொன்னவருக்கே போகும். வேலையின் பகுதியாக எழுதியது முதலாளிக்குப் போகும். குடமுழுக்கு மலருக்கு நீங்கள் எழுதிய தல வரலாற்றை நாளைக்கு உங்கள் நூலில் சேர்க்க நினைத்தால், எழுதுவதற்கு முன்பே மின்னஞ்சலில் ஒரு வரி ஒப்புதல் வாங்கிவிட வேண்டும். நாவலின் நாற்பது பக்கங்களும் அலுவலகக் கணினியில் இருந்தால் இன்றிரவே எடுத்துவிடுங்கள். அது அலுவலக வேலையில் சேராது என்று வாதாடலாம்தான். அந்த வாதத்துக்கு இடம் கொடுப்பானேன்?

அரைப்பக்கம் எழுதியது:

ஒரே ஒரு மறுப்பு. மூன்று நாள் சம்பளம் கொடுத்துவிட்டு ஐந்து நாள் வேலையை வாங்கும் அலுவலகங்களை நான் பார்த்திருக்கிறேன். எந்த நாட்கள், எந்தப் பொறுப்புகள், மற்ற நாட்களில் தொலைபேசியை எடுக்க வேண்டுமா என்பதையெல்லாம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், அக்கா. இப்போதைய ஒப்பந்தத்தில் வெளிவேலை செய்யக்கூடாது என்ற விதி இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆறு ஆண்டுகளாக எவரும் கேட்கவில்லை என்பதால் விதி இல்லை என்று ஆகிவிடாது.

செந்தூல் வாசகி எழுதியது:

விதி இருக்கிறது. "நிர்வாகத்தின் எழுத்துப்பூர்வமான அனுமதியின்றி" என்று நான்காம் பக்கத்தில், நான் கையெழுத்திட்ட இடத்துக்குச் சற்று மேலே. பதினோரு ஆண்டுகளாக அதைப் படிக்கவில்லை. பதிப்புப் பிரிவில் வேலை செய்பவள் இதைச் சொல்ல வெட்கப்பட வேண்டும்.

விலகல் கடிதத்தை இந்த மாதம் கொடுக்கவில்லை. வாரம் மூன்று நாள் கேட்டு விண்ணப்பமும், வெளிவேலைக்கு அனுமதி கேட்டு இன்னொரு கடிதமும் நேற்றுக் கொடுத்திருக்கிறேன். மனிதவளப் பிரிவில் இருந்தவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இப்படியொரு விண்ணப்பம் தமக்கு வந்ததில்லை என்றார். அறுபது நாள் காத்திருக்கப் போகிறேன். அதற்குள், அதிகமாக வேலை தரும் இரண்டு வாடிக்கையாளர்களிடம் பாதித் தொகையை முன்பணமாகத் தருமாறும், சொல்லை மூலத்தை வைத்தே எண்ணுமாறும் கேட்டேன். ஒருவர் உடனே ஒப்புக்கொண்டார். இவ்வளவு காலம் ஏன் கேட்கவில்லை என்று எனக்கே கோபம் வந்தது. மற்றவர் இன்னும் பதில் தரவில்லை. 131 நாள் எடுத்துக்கொண்டவர்களுக்கு இனி மலர் எழுதுவதில்லை. சாமிக்கு வேண்டுமானால் காசில்லாமல் எழுதுகிறேன். அம்மாவிடம் மூன்று நாள் வேலையைப் பற்றிச் சொன்னேன். மற்ற இரண்டு நாளும் வீட்டில்தானே இருப்பாய் என்று கேட்டு, சந்தைக்குப் போகும் நாளை மாற்றிவிட்டார்.

கணக்கப்பிள்ளை எழுதியது:

ஒன்றை மறந்துவிட்டேன், சகோதரி. இப்போது உங்களுக்கு இருப்பது நிறுவனத்தின் மருத்துவ அட்டையாக இருந்தால், அது கடைசி வேலை நாளோடு முடியும். பகுதிநேரத்துக்கு மாறினாலும் தொடருமா என்பதை நிறுவனத்திடம் கேட்க வேண்டும். தனியாக எடுக்கும் மருத்துவக் காப்பீட்டில் பொதுவாக முதல் 30 நாள் காத்திருப்புக் காலம். இரத்த அழுத்தம், நீரிழிவு, இதய நோய், சிறுநீரகக் கல் போன்ற குறிப்பிட்ட நோய்களுக்கு அது 120 நாள். உங்கள் முன்னறிவிப்புக் காலமோ 60 நாள்தான். கடிதம் கொடுத்த பிறகு காப்பீடு எடுத்தால் இரண்டு மாதம் வெறுங்கையோடு நிற்பீர்கள். மனிதவளப் பிரிவின் பதிலுக்குக் காத்திருக்கும் இந்த நாட்களிலேயே அதை எடுத்துவிடுங்கள்.